சந்தைக்கு ஒரு காவல்

ஹேவ்லாக் தீவின் படகுத்துறையில் கப்பல் வந்து அணையும் வேளை காணத்தக்கது. 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் கடல் கடந்து மக்கள் வந்து இறங்குகின்றனர். அவர்களுக்கு முன்னும் பின்னுமாக அரிசி வருகிறது, பருப்பு வருகிறது, மண்ணெண்ணெய் வருகிறது, வீடு கட்டுவதற்குச் சிமெண்ட் மூட்டைகள் வருகின்றன. தீவில் விளைவன தேங்காய், பாக்கு, நெல், காய்கறி, மீன் போன்றவையே. ஏனைய அனைத்தும் அலைமீதேறி வர வேண்டும். சுமந்து வரும் கலங்கள் சில, விற்கும் கடைகளும் சில, வாங்குவோரோ அனைவரும்.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ஸர் ஹென்றி ஹேவ்லாக் என்னும் ஆங்கிலேயத் தளபதியின் பெயரைத் தாங்கி நின்ற இத்தீவு, 2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஸ்வராஜ் த்வீப் ஆயிற்று. பழைய பெயரும் மக்கள் நாவில் இன்னும் நிலவுகிறது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாய் வந்தோர் 1950-களில் இங்கே காடு திருத்திக் குடியேறினர். அரசியல் சுயராஜ்யம் எய்திய நாட்டில் வாழும் இக்குடிகளுக்குக் கடைத்தெருவிலும் சுயராஜ்யம் வேண்டும். விற்போர் சிலர் கூடி, தமக்குள் விலை பேசி வைத்துக்கொண்டால், வாங்குவோனுடைய சுதந்திரம் எங்கே நிற்கும்? இக்கேள்விக்கு விடை தேடி நம் நாடு ஓர் ஆணையத்தை அமைத்தது. அவ்வாணையத்தின் இளமைக் கால வரலாற்றை இங்கே சிறிது நோக்குவோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒன்று கூற வேண்டும். அரசாங்க மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோர்க்குச் சட்டத்தின் பொருளைவிடச் சட்டத்தின் சொல்லே முதலில் இடர் தருகிறது. 'இந்தியப் போட்டி ஆணையம்' என்று எழுதிவிட்டோம். ஆனால் 'போட்டி பொறாமை' என்று இரண்டையும் இணைத்தே சொல்லிப் பழகியது நம் நாவு. போட்டி என்றால் வேண்டாத வம்பு என்றே கிராமத்துப் பெரியவர்கள் கருதுவர். சட்டம் காக்க விரும்பும் போட்டியோ வேறு. ஒருவன் நல்ல சரக்கைக் குறைந்த விலைக்குக் கொடுக்க முயல, அடுத்தவன் அதனினும் நல்லதைக் கொடுக்க முயலும் நிலையே அது. இதற்கு மறுதலையான சொல் நம்மிடம் முன்பே உண்டு. ஒரு கிராமத்தின் நிலம் முழுவதும் ஒரே மிராசுதாரருக்கு உரியதாய் இருந்தால், அதனைத் தஞ்சைச் சீமையில் 'ஏகபோகம்' என்பர். நிலத்தில் பிறந்த அச்சொல்லே பின்னர் வாணிகத்துக்கும் வந்தது. ஒருவரே துய்த்தல் என்பது அதன் பொருள். ஏகபோகக் கிராமத்தில் வாழ்ந்த குடியானவனுக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

வணிகர் கூடி விலையை உயர்த்துதல் இன்று நேற்று தோன்றிய குற்றமன்று. சரக்கைப் பதுக்கி வைத்தோ, விலையை ஏற்றியோ ஒன்றுகூடிச் சூழ்ச்சி செய்யும் வணிகர்க்கு ஆயிரம் பணம் தண்டம் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதித்தது. அதே சமயத்தில், வணிகர் கூடுதல் யாவும் தீது என்று நம் முன்னோர் எண்ணியதுமில்லை. திசையாயிரத்து ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் போன்ற வணிகக் குழுவினர் கடல் கடந்து சென்று வாணிபம் செய்தனர். சுமத்திராவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவரின் பெயரைச் சொல்கிறது. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று நிக்கோபார் தீவு இடம்பெற்றிருப்பதும் நினைக்கத்தக்கது. கொள்ளையரை எதிர்க்கவும், புயலின் இழப்பைப் பகிர்ந்து கொள்ளவும் வணிகர் கூடினால் அது நாட்டுக்கு நலம். வாங்குவோனை வளைத்துப் பிடிக்கக் கூடினால் அது தீங்கு. எதற்காகக் கூடினர் என்று கண்டறிவதே அன்றும் இன்றும் கடினமான வேலை.

மேனாட்டில் இதற்கெனத் தனிச் சட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தன. 1889-இல் கனடாவும், 1890-இல் அமெரிக்காவும் சட்டம் இயற்றின. அமெரிக்காவின் எண்ணெய் வாணிகத்தைத் தன் கையில் வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் 1911-ஆம் ஆண்டில் நீதிமன்றத் தீர்ப்பினால் 34 கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது. சட்டம் இயற்றிய பின் இத்தகைய தீர்ப்பைக் காண அந்நாட்டுக்கு இருபத்தோர் ஆண்டுகள் பிடித்தன என்பதை நாம் மறத்தலாகாது. இளம் ஆணையங்களைக் குறை கூறுமுன் இவ்வெண்ணிக்கை நினைவில் இருப்பது நன்று.

நம் நாட்டில் இதன் வித்து அரசியலமைப்பிலேயே இருக்கிறது. பொதுமக்களுக்குக் கேடு விளையுமாறு செல்வம் ஒரு சிலரிடம் குவிதல் கூடாது என்று 39-ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. ஐந்தாண்டுத் திட்டங்களினால் பெருகிய செல்வம் எங்கே சென்றது என்று ஆராயப் பேராசிரியர் மகாலனோபிஸ் தலைமையில் 1960-இல் ஒரு குழு அமைந்தது. 1964-இல் நீதிபதி கே. சி. தாஸ் குப்தா தலைமையில் ஏகபோக விசாரணைக் கமிஷன் அமைந்து, அடுத்த ஆண்டே அறிக்கை அளித்தது. இவற்றின் பயனாக ஏகபோகங்கள் மற்றும் கட்டுப்பாட்டு வாணிப நடைமுறைகள் சட்டம் 1969-ஆம் ஆண்டில் நிறைவேறி, 1970 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் ஒரு கமிஷனும் ஏற்பட்டது.

அக்கமிஷனின் நோக்கம் உயர்ந்தது, கருவியோ மழுங்கியது. பெரிய நிறுவனங்கள் விரிவடைய வேண்டுமாயின் அரசாங்கத்தின் அனுமதி பெற வேண்டும். அவ்வனுமதி குறித்துக் கமிஷனைக் கேட்பதும் கேளாதிருப்பதும் அரசாங்கத்தின் விருப்பமாயிருந்தது. தீய வழக்கத்தைக் கண்டால், 'நிறுத்துக, இனிச் செய்யற்க' என்று கமிஷன் ஆணையிடலாம்; அபராதம் விதிக்க இயலாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொழில் தொடங்குவதற்கே லைசென்ஸ் வேண்டியிருந்த அக்காலத்தில், லைசென்ஸ் பெற்றவனுக்குப் போட்டியாளன் வராதபடி வாயிலை அடைத்து நின்றது அரசாங்கமே. ஒரு கையால் ஏகபோகத்தை வளர்த்து, மறு கையால் அதனை அடக்க முயன்றோம் என்றே சொல்ல வேண்டும்.

1991-ஆம் ஆண்டில் பொருளாதாரக் கொள்கை மாறியது. லைசென்ஸ் வாயில்கள் திறந்தன. பெரிய நிறுவனங்கள் முன்னனுமதி பெற வேண்டும் என்ற விதிகளும் நீக்கப்பட்டன. பெரியதாய் இருப்பது குற்றமன்று, பெருமையைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம் என்ற எண்ணம் வேரூன்றியது. 1999-இல் எஸ். வி. எஸ். ராகவன் தலைமையில் அமைந்த உயர்நிலைக் குழு 2000-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. போட்டிச் சட்டம் 2002-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2003 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 14-ஆம் நாள் இந்தியப் போட்டி ஆணையம் நிறுவப்பட்டது.

நிறுவப்பட்டது என்றோம், இயங்கத் தொடங்கியது என்று சொல்லவில்லை. இவ்வரலாற்றின் மையமே இங்குதான் இருக்கிறது. வழக்கை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் ஆணையத்துக்கு அரசாங்க அதிகாரியாய் இருந்தவர் தலைவராகலாமா, நீதிபதியன்றோ தலைமை தாங்க வேண்டும் என்று கேட்டு வழக்கறிஞர் பிரம்ம தத் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். சட்டத்தைத் திருத்தும் எண்ணம் இருப்பதாக அரசாங்கம் தெரிவித்தது. வல்லுநரைக் கொண்ட ஆணையம் ஒன்றும், நீதி வழங்கும் மன்றம் ஒன்றுமாக இரண்டு அமைப்புகளை ஏற்படுத்துவது பற்றிச் சிந்திக்கலாம் என்று சுட்டி, 2005 ஜனவரியில் நீதிமன்றம் வழக்கை முடித்தது. திருத்தச் சட்டம் 2007-இல் வந்தது. போட்டியைக் கெடுக்கும் ஒப்பந்தங்களையும் ஆதிக்கத்தின் முறைகேட்டையும் தடுக்கும் பிரிவுகள் 2009 மே 20-ஆம் நாள்தான் உயிர் பெற்றன.

இடையில் கழிந்தவை ஐந்தரை ஆண்டுகள். அலுவலகம் உண்டு, முத்திரை உண்டு; வழக்கை எடுக்க அதிகாரம் இல்லை. அந்நாட்களில் ஆணையத்தின் ஒரே உறுப்பினராய் இருந்து பொறுப்பை ஏற்று நடத்தியவர் வினோத் தால். படையில்லாத கோட்டைக்குத் தளபதியாய் இருப்பது எளிதன்று. எனினும் அக்காலம் வீணாகவில்லை. விதிமுறைகள் வரையப்பட்டன, சந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் தொடங்கின, வணிகர் சங்கங்கள், கல்லூரிகள், அரசாங்கத் துறைகள் ஆகியவற்றினிடையே இச்சட்டம் யாது, எதற்கு என்று எடுத்துரைக்கும் பணி நடந்தது. தண்டிக்க இயலாதபோது கற்பிக்கலாம் என்பது அந்நாள் தந்த பாடம். நெல் விதைக்குமுன் வரப்பைச் செப்பனிடும் உழவனை எவரும் சோம்பேறி என்று சொல்வதில்லை.

உலக வங்கியில் இந்தியாவின் செயல் இயக்குநராய்ப் பணியாற்றிய தனேந்திர குமார், 2009 பிப்ரவரியில் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். மேல்முறையீட்டைக் கேட்கத் தனித் தீர்ப்பாயம் அமைந்தது. பழைய ஏகபோகச் சட்டம் அவ்வாண்டு செப்டம்பரில் விடைபெற்றது. நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதை ஆராயும் அதிகாரம் 2011 ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. எல்லா அதிகாரத்தையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளாமல், முதலில் சூழ்ச்சியும் முறைகேடும், பின்னர் இணைப்பு என்று படிப்படியாகச் சென்றது நல்ல முறையே. பழக்கமில்லாத கையில் எல்லாக் கருவிகளையும் ஒருங்கே கொடுத்தால் விரல்தான் அறுபடும்.

இளம் ஆணையத்தின் தலைமைக்கு முன் நிற்கும் முதற் கேள்வி, எவ்வழக்கை முதலில் எடுப்பது என்பதாகும். ஆட்கள் சிலர், புகார்களோ பல. எதிர்நிற்போர் நாட்டின் தலைசிறந்த வழக்கறிஞர்களை அமர்த்தவல்ல செல்வர். 2011 ஆகஸ்டில், குர்காவ் நகரில் வீடு வாங்கியோர் தொடுத்த வழக்கில், ஒருதலையான ஒப்பந்தங்களுக்காக டி.எல்.எஃப். நிறுவனத்துக்கு 630 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. போட்டிச் சட்டம் என்றால் என்ன என்பதைச் சாதாரணக் குடும்பத்தினர் அன்றுதான் செய்தித்தாளில் படித்தனர் எனலாம்.

இன்னொரு வழக்கு நம் சோற்றுத் தட்டோடு தொடர்புடையது. கிடங்குகளில் தானியம் புழுத்துப் போகாதிருக்க அலுமினியம் பாஸ்ஃபைடு என்னும் மாத்திரைகளை இந்திய உணவுக் கழகம் வாங்குகிறது. 2009-ஆம் ஆண்டில் அதற்கு டெண்டர் கோரியபோது, மூன்று நிறுவனங்கள் தனித்தனியே அனுப்பிய உறைகளில் கிலோவுக்கு ரூபாய் 388 என்று ஒரே தொகை எழுதப்பட்டிருந்தது. மூவருடைய ஆலைகளும் வேறு, செலவும் வேறு. விலை மட்டும் எங்ஙனம் ஒன்றாயிற்று? உணவுக் கழகம் 2011-இல் எழுதிய கடிதத்தின்மேல் ஆணையம் விசாரித்து, 2012 ஏப்ரலில் அபராதம் விதித்தது. சூழ்ச்சி நடந்தது என்பதை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும், பின்னர் 2017 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டன. ஆயினும் அபராதத்தின் அளவை ஏற்கவில்லை. பல பொருள்களை விற்கும் நிறுவனம் ஒரு பொருளில் செய்த தவற்றுக்கு, அப்பொருளின் விற்றுமுதலைக் கொண்டே தண்டனையைக் கணக்கிட வேண்டும் என்பது தீர்ப்பு. அதனால் ஒரு நிறுவனத்தின் அபராதம் சுமார் 252 கோடியிலிருந்து 7 கோடிக்குச் சுருங்கியது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நாடாளுமன்றம் இதை மாற்றி, நிறுவனத்தின் மொத்த உலக விற்றுமுதலையும் கணக்கில் கொள்ளலாம் என்று விதித்தது. குற்றத்தை மெய்ப்பிப்பது ஒரு கலை. தண்டனையை அளப்பது மற்றொரு கலை என்பதை ஆணையம் இவ்வாறு கற்றது.

இனிச் சிமெண்ட் வழக்கு. ஹேவ்லாக்கில் ஒரு வீட்டுக்கு அடித்தளம் இடுவோனுக்கும் இதில் பங்கு உண்டு. ஏனெனில் அவன் வாங்கும் மூட்டையில் ஆலை விலையோடு கடல் கூலியும் சேர்கிறது. 2012 ஜூன் மாதத்தில் பதினொரு சிமெண்ட் நிறுவனங்களுக்கும் அவற்றின் சங்கத்துக்குமாகச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். உற்பத்தியைக் குறைத்தும், விலையை ஒருசேர உயர்த்தியும் அவர்கள் கூடிச் செயற்பட்டனர் என்பது முடிவு. ஆனால் 2015 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவ்வாணையைத் தள்ளியது. காரணம் யாது? சிமெண்டைப் பற்றியது அன்று. வாதங்களைக் கேட்ட அமர்வில் இல்லாதிருந்த தலைவரும் தீர்ப்பில் கையெழுத்திட்டிருந்தார். கேட்டவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது நீதியின் பழைய விதி. வழக்கு மீண்டும் ஆணையத்துக்கு வந்தது; 2016 ஆகஸ்டில் மறுபடியும் அபராதம் விதிக்கப்பட்டது; 2018-இல் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதனை உறுதி செய்தது; அதன் பின்னும் உச்ச நீதிமன்றத்தின் படியேறியது.

நேயர்கள் இதனைச் சிறிது ஆழ்ந்து நோக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் சார்ந்த ஓர் ஆணை, ஒரு நாற்காலியில் யார் இருந்தார், எந்நாளில் இருந்தார் என்ற கேள்வியில் இடறி விழுந்தது. இளம் அமைப்பின் தலைவர் எதிராளியின் வலிமைக்கு மட்டும் அஞ்சினால் போதாது. தம் வீட்டின் நடைமுறைக்கும் அஞ்ச வேண்டும். வலியவனைத் தண்டிக்கும் ஆர்வத்தில் முறை தவறினால், அம்முறைத் தவறே வலியவனுக்குக் கவசமாகிவிடுகிறது.

மற்றொரு குறை நாற்காலிகளின் எண்ணிக்கை பற்றியது. தலைவரும் ஆறு உறுப்பினரும் வரை இருக்கலாம் என்ற நிலையை 2018-இல் மத்திய அமைச்சரவை தலைவரும் மூன்று உறுப்பினரும் என்று குறைத்தது. முடிவெடுக்க மூவர் வேண்டும். 2022 அக்டோபரில் அசோக் குமார் குப்தா தலைமைப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றதும் எஞ்சியவர் இருவரே. சில மாதங்கள் நிறுவன இணைப்பு விண்ணப்பங்கள் தேங்கின; பின்னர், தவிர்க்க முடியாத தேவை என்ற சட்டக் கோட்பாட்டைக் கொண்டு இருவரே முடிவெடுக்க வேண்டியதாயிற்று. 2023 மே மாதத்தில் ரவ்நீத் கௌர் தலைவரானார். இப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவரே. காவலரை அமர்த்தும் உரிமை கையில் இருக்கும்போது, காவலைக் குலைக்க வேறு சட்டம் வேண்டியதில்லை. நாற்காலியைக் காலியாய் விட்டாலே போதும். ஆணையத்தின் சுதந்திரம் என்பது தலைவரின் நெஞ்சுரத்தில் பாதியும், உரிய நாளில் பதவிகளை நிரப்பும் அரசாங்கத்தின் கடமையுணர்வில் பாதியும் அடங்கியிருக்கிறது.

பிற நாடுகளைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. தென்னாப்பிரிக்கா 1998-இல் சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டு ஆணையத்தைத் தொடங்கியது. அங்கே ரொட்டி விலையை நிறுவனங்கள் கூடி உயர்த்திய செய்தி வெளிப்பட்டபோது, ஏழையின் உணவு என்பதனால் ஆணையம் அதனை முன்னிறுத்தியது. உண்மையை முதலில் ஒப்புக்கொண்ட நிறுவனத்துக்குப் பொறுப்பு நீக்கம் கிடைத்தது. மற்றொரு பெரு நிறுவனம் 2007-இல் 9 கோடியே 88 இலட்சம் ராண்டு செலுத்த உடன்பட்டது. அண்டை நாடாகிய இலங்கையோ வேறு வழி சென்றது. 1987-இல் பிறந்த நியாய வர்த்தக ஆணைக்குழுவின் பணி, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் கலந்தது. விலைக் கட்டுப்பாடும் போட்டிக் காவலும் ஒரே கூரையின்கீழ் வந்தால், அன்றாடம் கூக்குரலிடும் முன்னதே பின்னதன் நேரத்தை எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

ஒப்புக்கொள்வோர்க்கு அபராதத்தைக் குறைக்கும் முறை நம் நாட்டிலும் 2009-இலேயே விதியாயிற்று. அதன் முதற் பயன் 2017 ஜனவரியில்தான் கிடைத்தது. இரயில்வேக்கு மின்விசிறி வழங்கும் டெண்டரில் கூடிச் சூழ்ந்த நிறுவனங்களுள் ஒன்று உண்மையைச் சொல்லி, அபராதத்தில் முக்கால் பங்குக் குறைப்பைப் பெற்றது. எட்டாண்டுகள் ஏன் எவரும் வாய் திறக்கவில்லை? ஆணையம் பிடித்துவிடும் என்ற அச்சமும், சொன்ன சொல்லைக் காக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தாலன்றிக் குற்றவாளி பேசமாட்டான். இவ்விரண்டும் காலத்தால் விளைபவை. ஆணை பிறப்பித்து வரவழைக்கக் கூடியவை அல்ல.

மீண்டும் ஹேவ்லாக் துறைக்கு வருவோம். இரண்டு கலங்கள் ஒரே கட்டணம் கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உடனே சூழ்ச்சி என்று கூறிவிடலாமா? எரிபொருள் விலை இருவர்க்கும் ஒன்றே. ஒருவர் விலையைக் கண்டு மற்றவர் தாமாகவே அதே விலை வைத்திருக்கலாம். விலை ஒன்றாயிருப்பது ஐயத்துக்கு இடமளிக்கும், குற்றத்தை நிறுவாது. பேசி வைத்துக்கொண்டனர் என்பது தெரிய வேண்டும். இவ்வேறுபாட்டைப் பொறுமையோடு காண்பவரே நல்ல காவலர். அதுபோலவே, சிறு தீவில் இரண்டாவது கலம் ஓடுவதற்குப் பயணிகள் போதாதபோது, போட்டியை மட்டும் வேண்டி நிற்பதில் பயனில்லை. அங்கே அரசாங்கக் கப்பலே குடிமகனுக்குத் துணை.

இச்சட்டத்தின்படி எக்குடிமகனும் உரிய கட்டணத்தோடு ஆணையத்துக்குத் தகவல் தரலாம். ஆணையம் தில்லியில் இருக்கிறது. 2021-இல் சென்னையிலும், 2022-இல் கல்கத்தாவிலும் அதன் வட்டார அலுவலகங்கள் திறக்கப்பட்டன. தீவுக்குக் கப்பல் புறப்படும் அவ்விரு துறைமுக நகரங்கள்வரை காவல் வந்துவிட்டது. எஞ்சிய கடலைக் கடக்க வேண்டியது மொழியே. வங்காளியும் தமிழும் தெலுங்கும் இந்தியும் பேசும் மக்கள் வாழும் இத்தீவுகளில், தமக்கு இப்படியோர் உரிமை உண்டு என்பதைத் தம் மொழியில் கேட்டறிந்தவர் எத்தனை பேர்? ஆங்கிலத்தில் மட்டும் வழங்கும் உரிமை, பூட்டிய பெட்டியில் வைத்த பொன்னாகும். அதிகாரம் இல்லாத ஐந்தரை ஆண்டுகளில் ஆணையம் செய்த பணி எடுத்துரைத்தலே அன்றோ? அதிகாரம் வந்த பின்னும் அப்பணி ஓய்தல் கூடாது.

நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்க்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. போட்டி என்ற சொல்லைப் பொறாமையின் துணையிலிருந்து பிரித்து, நேர்மையின் துணையாக மக்கள் நாவில் வைப்பது அப்பங்கு. துறையில் இறங்கும் சிமெண்ட் மூட்டையின் விலையைக் கேட்டு ஒரு குடியானவர், 'இவ்விலை எப்படி வந்தது?' என்று தம் மொழியில் வினவி, அவ்வினாவை எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும் அறிந்திருப்பாராயின், அத்தீவுக்கு இட்ட சுயராஜ்யம் என்னும் பெயர் அன்று பொருள் பெறும்.